மணலில் அழுத்திய விதை: புன்னையும் நெய்தல் நிலத்துத் தோட்டங்களும்

ஒரு நிலத்தின் பெயரைச் சற்றே உரசிப் பார்த்தால் உள்ளிருந்து ஒரு செடியோ கொடியோ தலைகாட்டுவது தமிழகத்தில் புதிதன்று. செங்கல்பட்டுச் சீமையிலோ திரும்பிய பக்கமெல்லாம் அப்படித்தான். மண்டலத்தின் பெயர் தொண்டை. அது ஒரு கொடி. ஆண்ட மரபினர் பல்லவர். வடமொழியில் பல்லவம் என்றால் தளிர். செங்கழுநீர் மலர்கள் நிறைந்த ஊராதலால் செங்கழுநீர்ப்பட்டு எனப்பட்டு, அதுவே செங்கல்பட்டு என மருவியது என்பது நெடுநாள் வழக்கு. திருக்கடல்மல்லையில் தோன்றிய பூதத்தாழ்வார் குருக்கத்தி மலரில் அவதரித்தவர் என்று வைணவ மரபு சொல்லும். மண்டலத்துக்கும் மன்னனுக்கும் ஊருக்கும் அடியவர்க்கும் தாவரத்திலிருந்தே பெயரும் பிறப்பும் எடுத்துக்கொண்ட நிலம் இது.

இந்த நிலத்தில், குறிப்பாகக் கோவளம் தொடங்கித் திருவிடந்தை, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை நீளும் கடற்கரையோரத்தில், கடந்த கால் நூற்றாண்டாக வீடுகள் பெருகிவிட்டன. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானதும் சவுக்குத் தோப்புகள் மனைகளாயின, மனைகள் வீடுகளாயின. வீடு கட்டி முடித்தவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வாசலில் பூக்கிற மரம் ஒன்று வைக்கவேண்டும், எதை வைக்கலாம்?" தமிழ் இலக்கியம் கற்பிக்கும் ஒருவரிடம் இந்தக் கேள்வி வருவது வேடிக்கையாகத் தோன்றலாம். எனக்கென்னவோ, கேள்வி சரியான இடத்துக்கே வந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. இந்தக் கரையில் எந்த மரம் நிற்கும், எது பூக்கும், எதன் நிழலில் மனிதர் கூடுவர் என்பதற்கு நம்மிடமுள்ள மிகப் பழைய சாட்சியம் இலக்கியத்தில்தான் இருக்கிறது.

நெய்தல் திணையைப் படித்தவர்களுக்கு மூன்று பெயர்கள் உடனே நினைவுக்கு வரும்: புன்னை, ஞாழல், தாழை. இவற்றுள் தாழை புதர். வேலிக்கு ஆகும், வாசலுக்கு ஆகாது. ஞாழல் எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எஞ்சி நிற்பது புன்னை. அதன் அடையாளத்தில் ஐயமே இல்லை. கரிய, பிளவுபட்ட பட்டை. எண்ணெய் தடவியது போல மின்னும் தடித்த இலை. நடுநரம்பிலிருந்து இருபுறமும் சீப்பின் பற்கள் போல நெருங்கிச் செல்லும் மெல்லிய நரம்புகள். முத்துப் போன்ற அரும்பு. அது விரிந்தால் வெள்ளை இதழ்களின் நடுவே பொன்னிறக் கேசரங்கள். நெருங்கிப் போனால் மட்டுமன்றிக் காற்று திரும்பினாலே தெரிகிற நறுமணம். பழம் உருண்டையானது, பசியது. முற்றினால் மஞ்சளாகிச் சுருங்கும். அது கடலில் மிதக்கும். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை இந்த மரம் பரவியிருப்பதற்கு அந்த மிதக்கும் பழமே காரணம்.

புன்னையைப் பற்றி நற்றிணையின் 172ஆம் பாடல் சொல்லும் செய்தியைத் தமிழில் பதிவான மிகப் பழைய மரம்வளர்ப்புக் குறிப்பு என்றே நான் கருதுவதுண்டு. பாடலின் பொருள் இது. தலைவியும் தோழியரும் சிறுமியராய் இருந்தபோது விளையாட்டாக ஒரு புன்னை விதையை வெண்மணலில் அழுத்தி வைத்தனர். பின் மறந்தும் போயினர். அது முளைத்தது. முளைத்ததைக் கண்டதும் நெய் கலந்த பால் ஊற்றி வளர்த்தனர். அன்னையோ, அது உங்களைவிடச் சிறந்தது, உங்களுக்குத் தங்கை முறையாகும் என்று சொல்லி வைத்தாள். ஆகவே, தங்கையின் முன்னிலையில் உன்னோடு சிரித்துப் பேச நாணுகிறோம் என்று தோழி தலைவனிடம் கூறுகிறாள். தலைவனை வரைவுக்கு நெருக்கும் நயமான உத்தி இது என்று வகுப்பில் சொல்லிக் கடந்துவிடுவோம். கூற்றின் நயத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, ஒரு தோட்டக்காரரின் கண்ணோடு அதே பாடலைப் படித்துப் பாருங்கள்.

விதை மணலில் அழுத்தப்பட்டது, ஆழமாகப் புதைக்கப்படவில்லை. அதை மறந்துவிட்டார்கள், மறக்கத்தான் வேண்டியிருந்திருக்கும். புன்னை விதையின் ஓடு மரக்கட்டை போலக் கடினமானது. ஓட்டோடு விதைத்தால் முளை வெளிவர ஏறத்தாழ இரண்டு மாதமாகும். விளையாட்டுப் பிள்ளைகளின் பொறுமைக்கு அது மிக நீண்ட காலம். ஆகவே 'மறந்தோம்' என்பது பாட்டுக்கு அழகு சேர்க்கும் சொல்லாக மட்டும் வந்ததன்று; மரத்தின் இயல்பை அறிந்த ஒருவர் எழுதிய சொல். அடுத்து, விதைத்த இடத்திலேயே மரம் வளர்ந்தது, பெயர்த்து நடப்படவில்லை. இதன் முக்கியத்துவத்தைப் பின்னர்ப் பார்ப்போம். இறுதியாக, மனிதர் கைப்பட வளர்த்த மரத்தோடு உறவுமுறை பிறந்தது. நெய்தல் நிலத்துப் புன்னைகள் எல்லாம் தாமாக முளைத்தவை அல்ல, சில வீட்டுப்பிள்ளைகளாக வளர்க்கப்பட்டவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அன்பின் மறுபக்கத்தையும் சங்கப் பாடல்களே காட்டுகின்றன. திதியன் என்னும் குறுநில மன்னனுக்குக் காவல்மரமாக நின்றது ஒரு பழைய புன்னை. அன்னி என்பவன் குறுக்கைப் போர்க்களத்தில் அதை வெட்டி வீழ்த்தினான். வெள்ளிவீதியார் அகநானூற்றின் 45ஆம் பாடலில் இந்நிகழ்ச்சியை நினைவுகூர்கிறார். பகைவனின் நாட்டை வென்றேன் என்று சொல்ல அவனுடைய மரத்தை வெட்டினால் போதும் என்று கருதிய காலம் அது. மரம் அவ்வளவு தூரம் ஒரு மண்ணின் அடையாளமாக இருந்தது.

பக்தி இயக்கம் வந்தபோது காவல்மரங்கள் தலமரங்களாயின. மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயிலின் தலமரம் புன்னை. மயிலாப்பூர்க் கபாலீச்சரத்தின் தலமரமும் புன்னையே; அம்மை மயிலுருவில் பூசித்ததாகச் சொல்லப்படும் இறைவன் அம்மரத்தடியில் புன்னைவனநாதர் என்ற பெயரோடு வீற்றிருக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைத் திருப்பதிகத்தின் முதல் அடியே மயிலையைப் புன்னைக் கானல் சூழ்ந்த ஊராகத்தான் அறிமுகம் செய்கிறது. இன்று கான்கிரீட் சூழ்ந்த மயிலையில் நின்றுகொண்டு அந்த அடியைப் படிப்பவருக்கு அது புராணமாகத் தோன்றும். அவர் காலத்தில் அது கண்ணெதிரே நின்ற காட்சி. தெற்கே போனால் தஞ்சைக்கருகே புன்னைநல்லூர். தாமிரபரணி கடலோடு சேருமிடத்தில் புன்னைக்காயல், 1586இல் தமிழ் நூல் அச்சான துறைமுகம். மரங்கள் மறைந்த பின்னும் ஊர்ப்பெயர்கள் சாட்சியாக நின்றுவிடுகின்றன.

இலைக்கும் பூவுக்கும் அப்பால் புன்னைக்கு ஒரு பொருளாதார வாழ்வும் இருந்தது. அதன் கொட்டையிலிருந்து ஆட்டிய எண்ணெய் விளக்கெரித்தது. படகுப் பலகைகளுக்குப் பூசப்பட்டது. மூட்டுவலிக்கும் தோல்நோய்க்கும் மருந்தானது. பசிபிக் தீவுகளில் தமனு என்ற பெயரில் இதே எண்ணெய் இன்றும் விலைபோகிறது. மரம் படகு கட்டப் பயன்பட்டது. அதன் மேற்குமலை உறவினங்களின் நெடிய தண்டுகள் கப்பல்களுக்குப் பாய்மரமாயின. ஆங்கிலேயர் அவற்றை 'பூன்' என்றனர். 'புன்னை' அவர்கள் நாவில் தேய்ந்த வடிவம் அது. அதற்கு முன்பே டச்சுக்காரர்கள் இம்மரத்தைத் தாளில் ஏற்றிவிட்டனர். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு, மலையாள நாட்டு வைத்தியர்களின் துணையோடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளியாயிற்று. அதில் நம் புன்னை அதன் மலையாளப் பெயரோடு இடம்பெற்றது. 1753இல் லின்னேயஸ் அதற்குக் 'கலோபில்லம் இனோபில்லம்' என்று பெயரிட்டார். கலோபில்லம் என்றால் கிரேக்கத்தில் 'அழகிய இலை'. பூவால் புகழ்பெற்ற மரத்துக்கு இலையால் பெயர் வைத்தது பொருத்தமே. பூ சில வாரங்களுக்கு, இலை ஆண்டு முழுவதும் அல்லவா?

இப்படி இரண்டாயிரம் ஆண்டுகள் கரையில் நின்ற மரம் நம் வீட்டு வாசல்களிலிருந்து எப்படி விலகிப்போனது? அதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குச் செல்லவேண்டும்.

அது தாவரங்கள் கப்பலேறிய நூற்றாண்டு. ஒரு கண்டத்தின் விதை இன்னொரு கண்டத்தின் பூங்காவில் முளைப்பதைப் பேரரசுகள் தம் வல்லமையின் அடையாளமாகக் கருதின. மொரீஷியசில் பணியாற்றிய வென்செஸ்லாஸ் போயர் என்ற தாவரவியலாளர் மடகாஸ்கரில் ஒரு செம்பூ மரத்தைக் கண்டார். 1829இல் அதன் படமும் விவரமும் இங்கிலாந்தில் கர்டிஸின் தாவரவியல் இதழில் வெளியாயின. நாம் மயில்கொன்றை என்றும் குல்மொஹர் என்றும் சொல்கிற மரம் அதுதான். அடுத்த சில பத்தாண்டுகளில் வெப்பமண்டல நகரங்கள் அனைத்தும் அதைத் தம் சாலையோரத்தில் நட்டுக்கொண்டன. சென்னையில் 1835இல் ராபர்ட் வைட் முதலியோர் முயற்சியால் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. வெளிநாட்டு விதைகளும் நாற்றுகளும் நகரத்துப் பங்களாக்களுக்குப் பரவ இத்தகைய சங்கங்கள் வழிசெய்தன. மே மாதத்தில் இலையே தெரியாமல் நெருப்பாய்ப் பூக்கும் மரத்தின் முன்னே, இலைகளுக்கிடையே வெள்ளையாய்ப் பூக்கும் புன்னை எடுபடாமல் போனதில் வியப்பில்லை. தொலைவிலிருந்து பார்ப்பவரின் கண்ணுக்கு ஒரு மரம். அடியில் உட்காருபவரின் மூக்குக்கு ஒரு மரம். காலனிய நகரம் முன்னதைத் தேர்ந்தது.

கடற்கரையில் வேறொரு மரம் இறங்கியது. 1856இல் இராயபுரத்திலிருந்து முதல் இரயில் புறப்பட்டது. அதன் எஞ்சின்களுக்கும் வளர்ந்துவந்த சென்னையின் அடுப்புகளுக்கும் விறகு வேண்டியிருந்தது. அந்நூற்றாண்டின் பிற்பாதியில் செங்கல்பட்டு, நெல்லூர்க் கரைகளின் மணலில் சவுக்கு பரவலாயிற்று. தென்கிழக்காசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் உரிய மரம் அது. சவுக்கைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வெறும் மணலில் வளர்ந்து, தன் வேரில் வாழும் நுண்ணுயிரின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொண்டு, ஐந்தாறு ஆண்டுகளில் வெட்டுக்கு வந்து, ஏழை உழவருக்குக் காசாகிற மரம் அது. மாமல்லபுரத்துக் கடற்கோயிலைச் சுற்றி மணற்காற்றைத் தடுக்கவும் அதைத்தான் நட்டார்கள். ஆனால் அது உதிர்க்கும் ஊசித்தழை மெத்தையாகப் படிந்து, அடியில் வேறெதையும் எளிதில் முளைக்கவிடாது. விறகுக்காக வந்த மரம் கரையின் முகமாகவே மாறிவிட்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பிறகு கரைக்காப்பு என்று பேசியபோதும் முதலில் நினைவுக்கு வந்தது சவுக்குத்தான். சவுக்குக்கு முன் இங்கே என்ன நின்றது என்று கேட்டவர் சிலரே.

அக்கேள்வியைக் காற்று கேட்டது. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையருகே கரையைக் கடந்தது. சென்னையிலும் வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. மறுநாள் சாலைகளில் நடந்தவர்களுக்கு ஓர் உண்மை கண்கூடாயிற்று: குல்மொஹர், இயல்வாகை, தூங்குமூஞ்சி போன்ற, விரைந்து வளர்ந்து அகலக் குடைவிரிக்கும் மரங்களே பெரும்பாலும் வழியை மறித்துக் கிடந்தன. 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகிலேயே கரையேறியது. பாடம் மீண்டும் ஒருமுறை நடத்தப்பட்டது. காரணம் எளியது. குடை அகலமாக, கட்டை மென்மையாக, வேர் மேலாக இருந்தால் நனைந்த மண்ணில் மரம் நிற்காது. அதோடு, நடைபாதைக்கும் குழாய்க்கும் கம்பிவடத்துக்கும் வேரை வெட்டிவிட்டு, எஞ்சியதைச் சிமெண்டால் மூடியது நம் கைவரிசை. பழியை மரத்தின் மேல் மட்டும் போடுவது நியாயமன்று.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நம் மரம், அந்நிய மரம் என்று கோடு கிழித்து ஒன்றை வழிபட்டு மற்றதை வெட்டச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாகலிங்க மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னமெரிக்கக் காடுகளுக்குரியது அது. 1775இல் கயானாவிலிருந்து ஒரு பிரெஞ்சுத் தாவரவியலாளர் முதலில் விவரித்தது. அதன் பூவில் லிங்கத்தையும் படமெடுத்த நாகத்தையும் கண்டு, சிவன்கோயில் நந்தவனத்தில் இடம்கொடுத்துத் தமிழ்ப்பெயரும் சூட்டினார்கள் நம் முன்னோர். வந்தவரை வரவேற்பது இந்த மண்ணுக்குத் தெரியும். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி 'எங்கிருந்து வந்தது' என்பதன்று. 'இங்கே நிற்குமா' என்பது. உப்புக்காற்றிலும் மணலிலும் ஐப்பசிப் புயலிலும் நிற்குமா? நின்றால் தேனீக்கும் வௌவாலுக்கும் வழிப்போக்கருக்கும் ஏதேனும் தருமா? இந்தச் சோதனையில் வென்ற மரம் எதுவாயினும் நம் மரமே.

அச்சோதனைப்படி செங்கல்பட்டு மாவட்டத்து நிலத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, அலையோசை கேட்கும் தொலைவு. இங்கே உப்புத்துளி நேரடியாக இலைமேல் படியும். மெல்லிய இலை கருகும். தடித்த மெழுகிலைதான் தாங்கும். புன்னைக்கு நிகர் வேறில்லை. அதற்கு இடம் போதாதெனில் பூவரசு. காலையில் மஞ்சளாய் மலர்ந்து மாலையில் செம்மையேறி வாடும் பூ. கிராமத்துப் பிள்ளைகள் பீப்பி செய்து ஊதும் இலை. இதற்கு விதைகூட வேண்டாம். கைத்தடிமன் போத்து ஒன்றை மழைக்காலத்தில் ஊன்றினால் போதும்.

இரண்டாவது, சாலைக்கு மேற்கே, காற்று சற்றுத் தணியும் பகுதி. இங்கே மகிழம் சிறப்பாக வரும். சிறிய வீட்டுக்கு ஏற்ற அடக்கமான மரம். உதிர்ந்து காய்ந்த பின்னும் மணக்கும் பூ. கடலோரத்துத் திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியார்க்குச் சூளுரைத்தது மகிழடியில்தான் என்பதை நினைத்தால், இதன் கடற்கரைப் பழக்கத்துக்கு வேறு சான்று வேண்டாம்.

மூன்றாவது, செங்கல்பட்டை ஒட்டிய செம்மண்ணும் பாறையும் ஏரிகளுமான உள்நிலம். சரக்கொன்றைக்கு உரிய மண் இது. இப்பகுதிக் குறுங்காடுகளுக்குரிய காயாவும் உண்டு. திருமாலின் நிறத்துக்கு உவமை தந்த அந்த நீலப்பூவைத் தோட்டத்தில் வைப்பார் அரிதாகிவிட்டனர். ஏரிக்கரை நிலமாயின் நீர்க்கடம்பு. வேடந்தாங்கலில் பறவைகள் கூடுகட்டும் மரம், செந்நூல் சரங்களாய்த் தொங்கும் பூ. ஊர்மக்கள் காத்துவந்த அவ்வேரிக்கு 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் அரசின் காப்புறுதியும் அளித்தார். மயில்கொன்றை வேண்டுவோரும் இந்த உள்நிலத்திலேயே, வீட்டையும் சாலையையும் விட்டு விலகிய திறந்தவெளியில் வைத்துக்கொள்ளலாம். அங்கே அது சாய்ந்தாலும் யார் தலையிலும் விழாது. பூத்தாலோ ஊரே பார்க்கும்.

இனிப் புன்னையை வளர்க்கும் முறைக்கு வருவோம். மூத்த மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்கிச் சதையை நீக்கிக்கொள்ளுங்கள். விதை புதிதாக இருப்பது நல்லது. ஓட்டை மெல்லத் தட்டி, உள்ளிருக்கும் பருப்பு காயப்படாமல் எடுத்துவிட்டால் மூன்று வாரமளவில் முளைக்கும்; பொறுமை உள்ளவர்கள் ஓட்டோடு விதைத்து நற்றிணைச் சிறுமியரைப் போல மறந்தும் போகலாம். இயலுமானால் மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே விதையுங்கள். முன்னே குறிப்பிட்ட பெயர்த்து நடாமையின் பயன் இங்கே விளங்கும். பாலித்தீன் பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர் சுற்றிச்சுற்றிச் சுருண்டுவிடும். நட்ட பின்னும் அச்சுருள் அவிழாது. பத்தாண்டு கழித்து ஒரு புயலில் மரம் வேரோடு புரள்வதற்கு அது ஒரு காரணம். விதைத்த இடத்தில் வளர்ந்த மரத்தின் ஆணிவேர் தடையின்றிக் கீழிறங்கும். நாற்றுப் பண்ணையில் வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் உயரமான கன்றைத் தேடாதீர்கள். சிறிய, பையை மீறாத வேருள்ள கன்றே மேல்.

இரண்டடி நீள அகல ஆழக் குழி போதும். மணலோடு ஏரிவண்டலும் மட்கிய தொழுவுரமும் கலந்து நிரப்புங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் புரட்டாசிக் கடைசியோ ஐப்பசித் தொடக்கமோ நடுவதற்கு உகந்த காலம். இக்கரையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அப்போதுதான் பெய்கிறது. அடியில் உலர்தழை பரப்பினால் ஈரம் நிற்கும். முதல் இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். நெய்யும் பாலும் தேவையில்லை. கன்றைக் கம்பத்தோடு இறுகக் கட்டாதீர்கள். காற்றில் ஆடி வளரும் தண்டே உறுதிப்படும். சுவரிலிருந்து பதினைந்தடியாவது தள்ளி, மின்கம்பிக்குக் கீழில்லாத இடமாகப் பாருங்கள். ஒரு கிரவுண்டு மனைக்கு ஒரு புன்னை போதும். பின்னாளில் தரையோடு போடும்போது மரத்தடியைச் சிமெண்டால் அடைக்காமல் நாலடி வட்டமேனும் மண்ணாக விடுங்கள். குறையும் சொல்லிவிடவேண்டும்: காய்கள் கடினமானவை, உதிர்ந்தால் காலில் உருளும், விதை உண்ணத் தக்கதன்று, பால் பட்டால் சிலருக்குத் தோல் எரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, புன்னை மெல்ல வளரும். மூன்றாம் ஆண்டிலேயே மாடியைத் தொடும் மரம் வேண்டுவோருக்கு இது ஆகாது. மெல்ல வளர்வதால்தான் கட்டை இறுகுகிறது. கட்டை இறுகுவதால்தான் காற்றில் நிற்கிறது.

தோட்டக்கலையோடு இதை நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஓர் ஆசிரியரின் கவலை இன்னொன்று இருக்கிறது. நெய்தல் பாடல்களைக் கற்பிக்கும்போது 'புன்னை' என்ற சொல் வந்ததும் மாணவர்கள் 'ஒருவகை மரம்' என்று ஏட்டில் குறித்துக்கொள்வார்கள். கடலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அப்படியே எழுதுகிறார்கள். அரும்பை முத்தென்று ஏன் சொன்னார்கள், அடர்ந்த நிழலில் ஏன் காதலர் சந்தித்தார்கள், தங்கை என்று ஏன் ஒரு தாய் சொன்னாள் என்பவையெல்லாம் அந்த 'ஒருவகை மரம்' என்ற இரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. அகராதி ஒரு சொல்லின் பொருளைத் தரும், மணத்தைத் தராது. நெய்தல் திணையின் கருப்பொருள் கண்ணில் படாமல் போனால், அந்தத் திணை தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பட்டியலாக மட்டுமே மிஞ்சும். அன்னி ஒரு புன்னையை வெட்ட ஒரு போர் தேவைப்பட்டது. நமக்கு அது தேவைப்படவில்லை. நடாமல் விட்டதே போதுமாயிற்று.

நல்லவேளையாக, இது மீட்க முடியாத இழப்பன்று. மயிலையில் புன்னை நிற்கிறது. பழைய கோயில் வளாகங்களிலும் கடலோரப் பூங்காக்களிலும் தேடினால் இன்னும் சில கிடைக்கும். அவற்றின் அடியில் ஆண்டுதோறும் விதைகள் கேட்பாரற்று உதிர்கின்றன. கடற்கரையில் வீடு கட்டியிருப்பவர்கள் அவற்றில் நான்கைந்தைப் பொறுக்கிவந்து, வீட்டிலுள்ள பிள்ளைகளின் கையில் கொடுத்து மணலில் அழுத்தச் சொல்லலாம். எது முதலில் முளைக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பக்கத்து வீட்டாருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்துவிடலாம். அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்கு வரும் வயதில் நற்றிணையைத் திறக்கும்போது, 172ஆம் பாடலுக்கு உரையாசிரியரின் உதவி அவர்களுக்குத் தேவைப்படாது.